பின்னால் வந்த வானம்

அவள் காரின் பின் இருக்கையில்தான் போய் உட்கார்ந்தாள். முன் இருக்கை காலியாகக் கிடந்தது. அவள் கணவன் அதைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. இருவருக்கும் இடையில் பேச்சு இருந்தால்தானே சொல்வதற்கு?

டிரெய்லரை வாடகைக்கு விடுகிறவனுக்கு அந்த வருத்தம் எதுவும் இல்லை. கொக்கி மாட்டியே காலம் தள்ளுவதால் அவனை எல்லோரும் கொக்கி என்றே கூப்பிட்டார்கள்.

"என்னக்கா, சொந்தக் கார்லயே சவாரிக்கு ஏறின மாதிரி பின்னாடி உக்காந்துட்டீங்க? அண்ணனை மீட்டர் போடச் சொல்லவா?"

"உன் வேலையப் பாரு."

கொக்கி சிரித்துக்கொண்டே கணவனிடம் திரும்பினான். "அண்ணே, கார்ல டிரெய்லர் மாட்டற குண்டு என்ன அளவு? என் வண்டிக்கு அம்பது மில்லிமீட்டர் வேணும்."

"கார் வாங்கினப்பவே இருந்ததுதான். சரியாத்தான் இருக்கும்."

கணவன் காரின் பின்னால் குனிந்து, அங்கே நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குண்டைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து அவள் பக்கம் திரும்பினான். வாய் திறந்தது, மூடிக்கொண்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டிரெய்லரின் கழுத்து நுனியில் இருந்த கிண்ணத்தைக் குண்டின்மேல் கவிழ்த்து, தாழ்ப்பாளை அழுத்தினான். டக்கென்று விழுந்தது. கொக்கி இரண்டு சங்கிலிகளையும் அடியில் குறுக்காகப் போட்டு மாட்டினான். கழுத்து நழுவினால் தரையில் குத்தாமல் தொட்டிலில் விழுந்த மாதிரி அதில் விழும் என்றான். அதற்குள் யாரோ கூப்பிட, ஓடிவிட்டான்.

டிரெய்லரில் இருந்தது அவளுடைய கடை. நாளைக் காலை திறக்கப்போகும் முடிவெட்டும் கடை. முன்பக்கம் அகலமான பெரிய கண்ணாடி, முகத்தைக் காரின் பக்கம் வைத்து, மரச்சட்டத்தில் சற்றே பின்னால் சாய்த்துக் கட்டப்பட்டிருந்தது. துணி போர்த்தினால் காற்றில் புடைக்கும் என்று அப்படியே விட்டிருந்தார்கள். வால் பக்கம் கடைசியில் இரும்பு அடிப்பாகம் கொண்ட மூன்று சுழல் நாற்காலிகள்.

அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுதான் அவள் இத்தனை வருடம் இன்னொருத்தியின் கடையில் வேலை பார்த்தாள். அந்தம்மா விளக்கு வைத்த சின்னச் சின்னக் கண்ணாடிகளுக்கு மாறியபோது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றாள். அந்த அகலத்தில் இப்போது யாரும் செய்வதில்லை. கண்ணாடி கைக்கு வந்த அன்றே தனிக் கடை என்கிற எண்ணமும் வந்தது. கணவனிடம் சொன்னபோது அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "மொத மாசமே மூடிட்டு வரப்போற" என்றான். அன்றைக்கு நின்ற பேச்சு.

கார் நகர்ந்தது. அவள் கண்ணாடியின் மேலேயே கண் வைத்திருக்க வேண்டும் என்று இருக்கையில் திரும்பி, முழங்காலை மடக்கி, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள்.

மப்பும் மந்தாரமுமான நாள். தெரு முடிந்து பெரிய சாலை வந்ததும் கண்ணாடி முழுக்க வானம் நிறைந்தது. கீழ் ஓரத்தில் மட்டும் காரின் கூரை நீலக் கோடாகத் தெரிந்தது. அதற்கு மேலே மேகம். சாலையோர மரங்களின் உச்சிகள் கண்ணாடியின் ஒரு பக்கம் நுழைந்து, நடுவில் கரைந்து, காணாமல் போயின. ஒரு பறவைக் கூட்டம் மேகத்துக்குள் போயிற்று, வெளியே வரவில்லை. யாரோ வானத்தில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்து, பத்திரமாகக் கொண்டு போ என்று சொன்ன மாதிரி இருந்தது.

வேலை நேரத்தில் அவள் யாருடைய முகத்தையும் நேராகப் பார்த்ததில்லை. கண்ணாடிக்குள் பார்த்துத்தான் பேசுவாள், அங்கிருந்துதான் பதிலும் வரும். அப்படி எத்தனையோ பேர் எதையெதையோ சொல்லியிருக்கிறார்கள். நேராகப் பார்த்தால் சொல்ல மாட்டார்கள். கணவன் ஒரு நாளும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வந்து உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மேகம் மெல்லக் கனத்தது. இஞ்சின் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பது போலிருந்தது. இமை தாழ்ந்தது.

கண் திறந்தபோது ஏதோ ஒன்று குறைந்திருந்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. மேகம் இருந்தது, மர உச்சி வந்து போனது. கீழ் ஓரத்து நீலக் கோடு எங்கே?

மேடு ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு பள்ளத்தில் சக்கரம் விழுந்தபோது கோடு எட்டிப் பார்த்தது, மறுபடி மறைந்தது. அடுத்த பள்ளத்தில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடி இன்னும் கொஞ்சம் மல்லாந்து, வெறும் வானமாக வந்துகொண்டிருந்தது.

சொல்ல வேண்டும். ஆனால் முதலில் பேசியது நான் என்று ஆகிவிடுமே? ஒரு மரம் கண்ணாடியில் நுழைந்து கரையும் நேரம்தான் அந்த யோசனை. அதற்குள் தாழ்ப்பாள் பக்கமிருந்து இரும்போடு இரும்பு உரசும் சத்தம்.

"நிறுத்துங்க! மெதுவா, மெதுவா."

அவன் சட்டென்று பிரேக்கை மிதிக்கவில்லை. காலை எடுத்து, ஓரம் கட்டி, மூச்சு விடுவதுபோல நிறுத்தினான். இருவரும் இறங்கிப் பின்னால் போனார்கள். தாழ்ப்பாள் பூட்டியபடியே இருந்தது. ஆனால் கிண்ணம் குண்டின் கழுத்தை விட்டு மேலே வந்து, அதன் தலையில் தொப்பி வைத்த மாதிரி நின்றது. இன்னொரு பள்ளம் போதும்.

அவன் டிரெய்லரின் கழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டான். "குண்டுக் கழுத்துல நம்பர் இருக்கும். ஓரமாத் தெரியுதா பாரு."

அவள் இடுக்கில் குனிந்து பார்த்தாள். "நாப்பத்தேழு."

"கிண்ணத்து மேல?"

"அம்பது."

"மூக்குக்கண்ணாடிய வீட்லயே விட்டுட்டேன். எழுத்து பொடியா இருந்துச்சு."

"என்னைப் படிக்கச் சொல்லியிருக்கலாமே?"

"நீதான் பேசறதில்லையே."

"நான் பேசலைன்னா? உங்க வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு?" அவள் நிமிர்ந்தாள். "ஒடஞ்சா ஒடையட்டும்னு நெனச்சீங்களா?"

அவன் டிரெய்லரின் வால் பக்கம் பார்த்தான். "ஒடையக் கூடாதுன்னுதான் நாற்காலியெல்லாம் அந்தக் கடைசிக்குத் தள்ளினேன். ஒண்ணுகூட அதுமேல வந்து இடிச்சிடக் கூடாதுன்னு."

போன் போட்டதும் கொக்கி மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டான். அவன் வரும்வரை இருவரும் டிரெய்லரின் கழுத்தில், அது எழும்பாதபடி கனத்துக்காக, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடியில் காரின் நீலக் கோடு மறைந்ததை அவள் சொன்னாள். கார் எதுவும் போகாத நேரத்தில் புல் அசைவதுகூடக் கேட்டது. முதுகுக்குப் பின்னால் மேகம் நகர்ந்துகொண்டே இருந்தது. இந்த மௌனம் வீட்டில் இருந்த மௌனம் இல்லை. இதில் சாய்ந்து உட்காரலாம் போலிருந்தது.

"நாளைக்கு நான் முடி வெட்ட வரலாமா?"

"வரலாம். வரிசையில நிக்கணும்."

கொக்கி வந்து இறங்கியதும் தலையில் அடித்துக்கொண்டான். "ஏண்ணே, கனத்தையெல்லாம் வால்ல வெச்சா மூக்கு தூக்காம என்ன பண்ணும்? அதுக்கும் சின்னக் குண்டு வேற! சக்கரத்துக்கு முன்னாடி கொஞ்சம் கனம் கூட இருக்கணும்ணே."

"தெரியாமப் போச்சு."

"அக்காகிட்டக் கேட்டிருந்தாலாவது சொல்லியிருப்பாங்க."

"கேட்டிருக்கணும்தான்," என்றான் கணவன்.

நாற்காலிகளை அவிழ்த்து, சக்கரத்துக்குச் சற்று முன்னால் நகர்த்தி, ஒன்றோடொன்று சேர்த்து அசையாமல் கட்டினார்கள். கண்ணாடிக்கும் அவற்றுக்கும் நடுவில் குறுக்குக் கட்டை ஒன்றையும் இறுக்கினார்கள். கொக்கி சின்னக் குண்டைக் கழற்றி, கையோடு கொண்டுவந்திருந்த ஐம்பதைப் பூட்டினான். அவள் நம்பரைச் சத்தமாகப் படித்த பிறகுதான் கணவன் கிண்ணத்தை இறக்கினான். தாழ்ப்பாள் விழுந்தது, பூட்டு ஊசி செருகப்பட்டது, சங்கிலிகள் மறுபடி குறுக்காக ஏறின. கொக்கி ஜாக்கியால் டிரெய்லரின் கழுத்தை மேலே தூக்கினான். காரின் பின்பக்கமும் கூடவே எழும்பியது.

"பாத்தீங்களா, காரும் சேந்து எந்திரிக்குது. இனிமே விடாது."

அவள் முன் கதவைத் திறக்கப் போனாள்.

"பின்னாடியே உக்காரு," என்றான் கணவன். "அந்தக் கோடு எனக்கு இங்கேர்ந்து தெரியாது. நீ பாத்துச் சொல்லு."

அவள் பழையபடி முழங்காலை மடக்கித் திரும்பி உட்கார்ந்தாள். கார் மேட்டின் உச்சியைத் தாண்டி மெதுவாக இறங்கியது. கண்ணாடியில் மேகம் பிரிந்து ஒரு வெளிச்சம் வழிந்தது. அதன் அடியில் நீலக் கோடு, ஒரு விரல் அகலத்துக்கு.

முதல் பள்ளம் வந்தது.

"இருக்கா?"

"இருக்கு."

வளைவு வந்தது. மர உச்சிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து கரைந்தன.

"இருக்கா?"

"இருக்கு. நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

கடை வரும்வரை அவன் கேட்டுக்கொண்டே வந்தான், பள்ளமே இல்லாத இடத்தில்கூட.