அமலுக்கு வரும் நாள்

மூன்றாவது கேள்விக்கும் இயக்குநர் வாயைத் திறக்கவில்லை. காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாக என்ன பார்ப்பீர்கள் என்பதுதான் கேள்வி. அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் நின்றிருந்த துணை இயக்குநரைப் பார்த்தார். துணை இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இரவு ஷிப்டின் நீர்மட்ட அறிக்கை, பம்புகளின் நிலவரம், எரியாத தெருவிளக்குகளின் பட்டியல் என்று கடகடவென ஒப்பித்தார். பணியாளர் பிரிவு அதிகாரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்குச் சுருக்கென்றிருந்தது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் எத்தனையோ பெரிய தலைகளைப் பார்த்துவிட்டாள். கீழே இருப்பவள் கேட்டதற்கு வாயால் பதில் சொன்னால் கிரீடம் இறங்கிவிடும் என்று நினைக்கிற ரகம்தான் இவரும் என்று முடிவுகட்டினாள்.

நகரத்தின் குடிநீர், கழிவுநீர், தெருவிளக்கு மூன்றும் அந்த ஒரு மனிதரின் தலையில். இன்னும் ஏழு மாதத்தில் ஓய்வு. அந்தப் பதவிக்கு விளம்பரம் கொடுப்பதற்குமுன் பணி விவரத்தைப் புதுப்பித்தாக வேண்டும் என்று ஆணையர் சொல்லிவிட்டார். பழைய விவரம் பதினெட்டு வருஷத்துக்கு முந்தையது. அதன்படி இயக்குநர் எந்நேரமும் இடுப்பில் பேஜர் மாட்டியிருக்க வேண்டும், இரண்டு தட்டச்சர்களை மேற்பார்வையிட வேண்டும். பேஜரைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் அவள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து கல்யாணமும் முடித்துவிட்டார்கள். வரைவில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவளுக்குக் ‘கமா மேடம்’ என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். கொஞ்சம் பெருமையும் உண்டு. விதிப்படி, பதவியில் இருப்பவர் தன் வேலையைத் தானே சொல்ல வேண்டும், அவள் எழுத வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

பழைய கதை என்றால் மட்டும் மனிதர் பொங்கி வந்தார். முப்பது வருஷத்துக்குமுன் ரயில் பாதைக்கு அடியில் பெரிய குழாயைப் பதித்ததைச் சொன்னார். ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவே நாற்பது நிமிடம். அதற்குள் வெல்டிங் முடிய வேண்டும். வெல்டர் இடதுகைக்காரன், குளிரில் விரல் மரத்துப்போய் இவருடைய அக்குளில் கையை வைத்துச் சூடேற்றிக்கொண்டான் என்று சொல்லிச் சிரித்தார். பேனாவை மறந்து அவளும் சிரித்தாள். பத்து நிமிடம் கழித்து அதே கதையை, அதே இடத்தில் அதே சிரிப்போடு மறுபடி சொன்னார். வயசாகிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஒரு நாள் முழுக்க உங்கள் கூடவே வந்து பார்க்கிறேன் என்று கேட்டாள். அதெல்லாம் தேவைப்படாது மேடம் என்றார் துணை இயக்குநர். இயக்குநர் மட்டும் கல்யாணத்துக்கு அழைப்பதுபோல, வாங்க, தாராளமா வாங்க என்றார்.

அந்த நாளில்தான் அவளுக்கு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. துணை இயக்குநர் எப்போதும் அவருடைய இடது தோளுக்கு ஒரு அடி பின்னால் நடந்தார். எதிரே ஆள் வரும்போதெல்லாம், கடைசிப் பையனுக்கு வேலை கிடைத்த பம்ப் ஆபரேட்டர், மனைவிக்கு ஆபரேஷன் ஆன ஸ்டோர் கீப்பர் என்று மெல்லிய குரலில் முன்கூட்டியே சொன்னார். இயக்குநர் அதைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரிப்பார். கேட்டவர்கள் மனம் குளிர்ந்துபோவார்கள். துணை இயக்குநரின் சட்டைப்பையில் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று அவருடையது, இன்னொன்று இயக்குநருடையது. இரண்டிலும் அவரே பேசினார்.

மதியம் ஆஸ்பத்திரிச் சாலையில் குழாய் இணைப்பு ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆள் உயரத்துக்கும் ஆழமான பள்ளம். உள்ளே மேஸ்திரியும் அவருடைய ஆளும். இந்த வேலைக்காக இரண்டாம் லைனை அடைத்து வைத்திருக்கிறோம் என்று துணை இயக்குநர் அரைமணி நேரம் முன்புதான் அவளுக்கு விளக்கியிருந்தார். லாரியை நகர்த்துவது சம்பந்தமாக டிராபிக் போலீஸ்காரர் ஏதோ தகராறு செய்ய, அவர் அந்தப் பக்கம் போனார். அவசரத்தில் அவர் விட்டுப்போன இயக்குநரின் போன் ஜீப் சீட்டில் கிடந்தது. அது அடித்தது. இயக்குநர் எடுத்தார். ஆஸ்பத்திரி மாடியில் தண்ணீர் ஏறவில்லையாம், இரண்டாம் லைனைத் திறக்கலாமா என்று பம்ப் நிலையத்திலிருந்து கேட்கிறார்கள். அவர் முதுகு நிமிர்ந்தது. நாள் முழுக்க அவள் கேட்காத ஒரு குரல், முப்பது வருஷ அதிகாரம் ஏறிய குரல், வெளியே வந்தது.

“ஆஸ்பத்திரி சார் அது. யோசிச்சுட்டு நிக்கறீங்க. திறங்க.”

அவள் அவருக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். அடைத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பள்ளத்துக்குள் ஆள் இருப்பது கண்ணுக்கு நேரே தெரிகிறது. ஆனாலும் தடுக்கவில்லை. இயக்குநர் சொல்கிறார், காரணம் இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த ஒரு கணத்தைப் பிறகு அவளால் எங்கேயும் இறக்கிவைக்க முடியவில்லை. தூரத்திலிருந்து அவள் முகத்தைப் பார்த்த துணை இயக்குநர் ஓடிவந்து போனைப் பிடுங்கி, மூடு மூடு என்று கத்தினார். அதற்குள் வால்வை இரண்டு சுற்றுத் திறந்துவிட்டார்கள். பள்ளத்துக்குள் உறுமல் கேட்டது. இருவரும் பக்கச் சுவரைப் பற்றி ஏறி வந்தபோது தொடைவரை நனைந்திருந்தது. ஸ்பேனர் போயிடுச்சு என்று மேஸ்திரி சும்மாவே சிரித்தார். சேறு சொட்டும் அவருடைய கால்சட்டையை இயக்குநர் நெடுநேரம் பார்த்தபடி நின்றார்.

சாயங்காலம் மாடிப்படித் திருப்பத்தில் துணை இயக்குநர் அவளை நிறுத்தினார். ஒன்றரை வருஷமாக இப்படித்தான் என்றார். முதலில் வார்த்தைகள் போயின, அப்புறம் ஆட்கள், அப்புறம் தன் அறைக்கே வழி. காலையில் தெளிவாக இருப்பார். பொழுது சாயச் சாயக் கலங்கிவிடும். வீட்டில் அவர் மனைவிக்குத் தெரியும், டாக்டரிடம் போக இவர்தான் சம்மதிக்கவில்லை. மீட்டர் ரீடராக வந்த தன்னை இரவுக் கல்லூரிக்கு அனுப்பி இன்ஜினியர் ஆக்கியவரைத் தன் கையாலேயே எப்படிக் காட்டிக்கொடுப்பது என்று கேட்டார். பிறகு குரலை இறக்கினார்.

“இந்த ஒன்றரை வருஷத்துக் கையெழுத்தெல்லாம் அவரோடது மேடம். முடிவெல்லாம் என்னோடது. வெளியில தெரிஞ்சா ரெண்டு பேருமே காலி. ஏழு மாசம்தான். நீங்க பேஜரை எடுத்துட்டு போனைப் போடுங்க, மத்ததெல்லாம் பழையபடியே இருக்கட்டும்.”

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். வீட்டுக்குப் போய்ச் சமையலறை மேடையில் மடிக்கணினியை வைத்து எழுதத் தொடங்கினாள். ‘இயக்குநர் கண்காணிப்பார்’, ‘இயக்குநர் முடிவெடுப்பார்’ என்று ஒவ்வொரு வரியாகத் தட்டும்போதும் அந்தப் பள்ளத்து உறுமல் காதில் கேட்டது. ஆள் யாரென்று சொல்லாமல் கணவனிடம் மேலோட்டமாகக் கேட்டுப் பார்த்தாள். அவன் பல் தேய்த்துக்கொண்டே, நீ எழுதறது இவருக்கு இல்லையே, அடுத்து வர்றவருக்குத்தானே என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடுவில் இருக்கும் ஏழு மாதம் யார் கணக்கில் என்று அவள் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலை ஒன்பதரைக்கு இயக்குநர் அவளுடைய பிரிவுக்குத் தனியாக வந்தார். பக்கத்தில் துணை இயக்குநர் இல்லை. பிரிவே எழுந்து நின்றது. அவள் அனுப்பிய வரைவு கையில் இருந்தது. கண்ணாடி கொண்டு வரவில்லை, நீங்களே படிங்கம்மா என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அவள் படித்தாள். இருபத்தாறு பத்திகள். பிள்ளையின் பள்ளி அறிக்கையைக் கேட்கும் தகப்பன்போல அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மேசைக் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்தார்.

“இவ்வளவும் நான் செய்யறேனா?”

“செஞ்சுட்டு இருந்தீங்க சார்,” என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

அவர் கோபப்படவில்லை. ஒன்பதாவதை மறுபடி படிக்கச் சொன்னார். அவசர வேளைகளில் குழாய்களைத் திறக்கவும் அடைக்கவும் இயக்குநரின் வாய்மொழி உத்தரவே போதுமானது. பதினெட்டு வருஷமாக அப்படியே இருந்த வரி; அவளும் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாமல் விட்டிருந்தாள். அதை அடித்துவிடச் சொன்னார். புதிதாக எழுதிக்கொள்ளுங்கள் என்று, கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல் பிசகாமல் சொன்னார்: வேலை நடக்கும் லைனைத் திறக்க இயக்குநர் சொன்னால் மட்டும் போதாது. பள்ளத்தில் நிற்கும் மேஸ்திரி தன் ஆட்களை மேலே ஏற்றி, எண்ணிப் பார்த்து, தன் வாயால் திறக்கலாம் என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லும்வரை யார் சொன்னாலும் திறக்கக் கூடாது.

“யார் சொன்னாலும்னு தெளிவா இருக்கட்டும். இயக்குநர் சொன்னாலும்னு இன்னொரு தடவையும் போடுங்க.”

தட்டச்சு செய்து, அச்செடுத்து நீட்டினாள். முதல் பக்கத்தின் தலைப்பில் ‘அமலுக்கு வரும் நாள்’ என்ற இடத்தில் அவர் ஓய்வு பெறுவதற்கு மறுநாளின் தேதியைப் போட்டிருந்தாள். அவர் இப்போது கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தார். பேனாவால் அடித்தார்.

“இன்னைக்கே வரட்டும்,” என்றார். பேனா காகிதத்துக்குமேல் அந்தரத்தில் நின்றது. அவளைப் பார்க்காமல் கேட்டார்: “இன்னைக்கு என்ன தேதிம்மா?”

அவள் சொன்னாள். அவர் எழுதினார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். ஒரு சுழிகூடத் தடுமாறவில்லை.

மதியத்துக்குள் நகல் எல்லா நிலையங்களுக்கும், கோப்பு ஆணையருக்கும் போய்விட்டது. பம்ப் நிலையத்திலிருந்து ஒருவர் அவளையே கூப்பிட்டு, இனிமேல் சார் சொன்னாலும் திறக்கக் கூடாதா மேடம் என்று மூன்று முறை உறுதிப்படுத்திக்கொண்டார். துணை இயக்குநர் மேசை முன்னால் வந்து நின்றார். உங்களை நம்பினேன் மேடம் என்றார். சொன்னபோது சார் தெளிவாக இருந்தாரா என்று கேட்டார். உங்களையும் என்னையும்விடத் தெளிவாக இருந்தார் என்றாள். துணை இயக்குநர் இரண்டு போன்களையும் எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆணையர் முட்டாள் இல்லை. ஓய்வு பெறப்போகிற மனிதர் தன் அதிகாரத்தைத் தானே ஏன் வெட்டிக்கொள்கிறார், அதுவும் ஏன் அன்றைக்கே என்று ஓரத்தில் எழுதி, திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு நேரில் வந்து விளக்குமாறு கோப்பைத் திருப்பி அனுப்பினார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் மனசுக்குள் பதில் எழுதி எழுதி அடித்தாள். உண்மையைச் சொன்னால் ஒரு மனிதர் முப்பத்துநாலு வருஷ உழைப்போடு மருத்துவக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும், இன்னொருவர் விசாரணைக்குப் போக வேண்டும். சொல்லாவிட்டால், வால்வுக்கு மட்டும்தான் பூட்டுப் போட்டிருக்கிறது. மீதி இருபத்தைந்து பத்திகள் திறந்தே கிடக்கின்றன.

திங்கட்கிழமை ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முதல் மாடிக்குப் போனாள். ஆணையர் அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். அவரையும் அழைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. துணை இயக்குநரைக் காணோம். மேற்கு ஜன்னல் வெயில் அவருடைய மடியில் விழுந்திருந்தது. தலை படிய வாரியிருந்தது. சட்டை மடிப்புக் கலையவில்லை. அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“உட்காருங்கம்மா. நீங்களும் இவரைப் பார்க்கத்தான் வந்தீங்களா?”

அவர் முகத்தில் விளையாட்டு இருக்கிறதா என்று தேடினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்தில் வந்து உட்காருகிறவர்களிடம் காட்டும் கனிவுதான் இருந்தது. ஆமாம் சார் என்று உட்கார்ந்தாள். கூட்டமே இல்லை, சீக்கிரம் கூப்பிட்டுவிடுவார்கள் என்று அவர் தைரியம் சொன்னார். கோப்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. உதவியாளர் பாதி உடம்பை வெளியே நீட்டி, இயக்குநர் வரலாம் என்றார்.

அவர் அசையவில்லை. வராந்தாவின் அந்தக் கோடியையும் இந்தக் கோடியையும் பார்த்தார். வேறு யாரும் இல்லை. பிறகு அவள் பக்கம் குனிந்தார்.

“உங்களைத்தான் கூப்பிடறாங்க போல,” என்று மெல்லச் சொல்லிவிட்டு, அவள் தாண்டிப் போக வசதியாகத் தன் கால்கள் இரண்டையும் பெஞ்சுக்கு அடியில் ஒடுக்கிக்கொண்டார்.