இரண்டு முறை வந்த ஒரு மணி

பூஜை விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த அன்றே, மானேஜர் மஹாதேவன் ஒரு காகிதத்தை, புரோகிராம் எழுதும் சௌந்தரத்தின் மேஜையில் வைத்தார். 'லண்டன் நேர மாற்றத்தைக் கம்ப்யூட்டர் சரியாகக் கையாளுகிறது' என்று அதில் டைப் அடித்திருந்தது.

"கையெழுத்துப் போட்டுக் குடும்மா."

"சோதிச்சுப் பார்க்காமலா சார்?"

"அப்போ சோதிச்சுட்டே போடு."

கல்கத்தா துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில் இருந்த அந்தக் கப்பல் ஏஜென்சிக்கு, லண்டனிலிருந்து உத்தரவுகள் தந்திபோல டெலக்ஸ் மெஷினில் அச்சாகி வரும். அதிலுள்ள நேரத்தை வைத்து வரிசைப்படுத்தி, ஒவ்வொரு கப்பலுக்கும் கடைசி உத்தரவு எது என்று கம்ப்யூட்டர் அச்சடிக்கும். எண்பத்தாறு அக்டோபர் கடைசி ஞாயிறு விடியற்காலை இரண்டு மணிக்கு லண்டன்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணிக்குத் திருப்பி வைப்பார்கள் என்று சுற்றறிக்கை வந்திருந்தது.

சௌந்தரம் அந்தத் தேதியைப் போட்டு, பொய்யாக இரண்டு டெலக்ஸ் கொடுத்தாள். முதலில் ஒன்று ஐம்பதுக்கு, சரக்கை 'ஏற்று'. இருபது நிமிஷம் கழித்து, திருப்பி வைத்த கடிகாரப்படி ஒன்று பத்துக்கு, 'ஏற்றாதே'. கடைசி உத்தரவு 'ஏற்று' என்று அச்சடித்தது கம்ப்யூட்டர்.

மஹாதேவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "ஒண்ணு பத்துக்கு அப்புறந்தானே ஒண்ணு ஐம்பது? மெஷின் சரியாத்தான் இருக்கு."

"அன்னிக்கு அங்கே ஒரு மணி ரெண்டு தடவை வரும் சார்."

"ரெண்டு தடவையா? யார் சாங்ஷன் பண்ணினா?"

"அவங்க கவர்ன்மெண்ட்."

கவர்ன்மெண்ட் என்றதும் அவர் வாதாடவில்லை.

டெலக்ஸ் கல்கத்தாவில் வந்து சேர்ந்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்தும்படி புரோகிராமை மாற்ற அவளுக்கு மூன்று நாள் பிடித்தது. அந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கே ஆபீசுக்கு வந்தாள். மஹாதேவனும் லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்துவிட்டார். நம்பிக்கை இல்லாமல் வந்தாரா, துணைக்கு வந்தாரா என்று அவள் கேட்கவில்லை.

ஆறு இருபத்திரண்டுக்கு டெலக்ஸ் கடகடத்தது: தேயிலைப் பெட்டிகளை ஏற்றவும், லண்டன் நேரம் 1.52. மஹாதேவன் உடனே துறைமுகத்துக்குப் போன் போட்டுச் சொன்னார். ஆறு நாற்பத்து நாலுக்கு அடுத்தது: ஏற்ற வேண்டாம், லண்டன் நேரம் 1.14.

கம்ப்யூட்டர் சற்று யோசிப்பதுபோல் நின்றது. பிறகு அச்சடித்தது: கடைசி உத்தரவு, ஏற்ற வேண்டாம்.

சௌந்தரம் போனை எடுத்து, துறைமுகத்தில் இருந்த மேஸ்திரி ஏழுமலையைக் கூப்பிட்டாள். "ஏத்த வேணாங்க."

"நாலு பெட்டி ஏத்தியாச்சும்மா."

"இறக்கிடுங்க."

"இப்பத்தானே அந்த சார் ஏத்தச் சொன்னாரு?"

"அது முந்தின ஒரு மணி. இது அடுத்த ஒரு மணி."

"சரிம்மா, இறக்கிடறோம்" என்று ஏழுமலை போனை வைத்தார்.

ஏழு மணிக்கு லண்டனிலிருந்து இன்னொரு டெலக்ஸ். 'எங்கள் கம்ப்யூட்டர் குழப்புகிறது. நாங்கள் கடைசியாகச் சொன்னது என்ன?'

மஹாதேவன் அதை இரண்டு தரம் படித்தார். எழுந்து வெளியே போனார். சௌந்தரம் பதில் அடித்து முடித்தபோது, இரண்டு மண் கோப்பைகளில் டீயோடு வந்து நின்றார். பதினோரு வருஷத்தில் அவர் வாங்கிக் கொடுத்த முதல் டீ. வரும் வழியிலேயே ஆறிப்போயிருந்தது.

அவள் முழுவதையும் குடித்தாள்.