வண்டி என்று எழுதிய பதினேழு பேர்

அலுவலகத்தில் அவளுக்குக் கால்குலேட்டர் என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் கோபித்துக்கொள்வதில்லை. ஒரு பெரிய மருந்துக் கிடங்கின் மாடி அலுவலகத்தில், பணியாளர் பிரிவில், எண்களைப் பார்ப்பது அவள் வேலை. நான்கு வருடத்தில் கீழே கிடங்குக்குள் அவள் போனது இரண்டே முறை. இரண்டும் தீயணைப்புப் பயிற்சிக்காக.

அந்த வருடம் பணியாளர் மேலாளருக்கு ஒரு யோசனை வந்தது. வேலை பிடித்திருக்கிறதா, குறை என்ன என்று வருடா வருடம் ஊழியர்களிடம் கருத்துக் கேட்கிறோம். இன்னொரு பக்கம், யார் எத்தனை மணிக்கு அட்டையைத் தட்டி உள்ளே வருகிறார்கள், எப்போது சாப்பிடப் போகிறார்கள், எப்போது கிளம்புகிறார்கள் என்பதெல்லாம் கணினியில் தானாகச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன?

"வாயால சொல்றது ஒண்ணு, நடந்துக்கறது ஒண்ணு. ரெண்டும் எங்க ஒத்துப்போகுது, எங்க இடிக்குதுன்னு பாரும்மா," என்றார்.

"பிரிவு பிரிவாத்தான் பார்ப்பேன் சார். ஆள் ஆளா பிரிக்க மாட்டேன். பேர் தெரியாதுன்னு சொல்லித்தானே கருத்து வாங்கினோம்?"

"சரி சரி, அப்படியே செய்."

ஒரே ஒரு பிரிவில் நன்றாக இடித்தது. அலமாரிகளிலிருந்து மருந்துப் பெட்டிகளை எடுத்துச் சேர்க்கும் எடுப்புப் பிரிவு. நாற்பத்து நான்கு பேர். வேலை ஏழு மணிக்கு. பாதிப்பேர் ஆறேகாலுக்கே அட்டையைத் தட்டிவிடுகிறார்கள். அட்டையை மட்டும் பார்த்தால், வேலைமேல் உயிரை வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். கருத்துத்தாளிலோ, 'விருப்பத்தோடு வேலைக்கு வருகிறேன்' என்ற வரிக்கு மொத்த நிறுவனத்திலேயே ஆகக் குறைந்த மதிப்பெண் அவர்களுடையது.

சொந்த வார்த்தையில் எழுதச் சொன்ன இடத்தை மென்பொருள் தலைப்பு வாரியாகப் பிரித்து வைத்திருந்தது. அந்தப் பிரிவில் பதினேழு பேர் வண்டியைப் பற்றி எழுதியிருந்தார்கள். 'வண்டி சரியில்லை.' 'காலையில் வண்டிக்கு அடித்துப் பிடித்து ஓட வேண்டியிருக்கிறது.' மென்பொருள் எல்லாவற்றையும் 'போக்குவரத்து' என்ற தலைப்பின் கீழ் போட்டிருந்தது. நிறுவனத்தின் பேருந்து ஊழியர்களை ஆறு பத்துக்கு வாசலில் இறக்கிவிடுகிறது என்பது அவளுக்குத் தெரியும். முடிச்சு அவிழ்ந்துவிட்டதாக நினைத்தாள். பேருந்து சீக்கிரம் வருகிறது, பாவம், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள், அதனால்தான் இந்த மதிப்பெண்.

மேலாளருக்குப் பிடித்துப்போனது. இயக்குநர்கள் கூட்டத்தில் அவரே விளக்கினார். பத்தே நாளில் பேருந்து நேரம் மாறியது. இனி ஆறு ஐம்பதுக்குத்தான் வாசலுக்கு வரும். ஒரு கருத்துக் கேட்புக்கு இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைத்தது அதுவே முதல் தடவை. அன்று கால்குலேட்டர் சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.

அவள் கணவனின் அக்கா அந்த எடுப்புப் பிரிவில்தான் பதினோரு வருடமாக வேலை செய்கிறாள். பேருந்தில் வருபவள். ஒரே நிறுவனம் என்றாலும் நாத்தனார் வேலைக் கதை எதையும் தம்பி வீட்டில் பேசமாட்டாள். மாடிக்காரர்களிடம் என்ன பேச்சு என்பது அவள் எண்ணம். அது தம்பி மனைவிக்கும் தெரியும், அவளும் கேட்டதில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். வலது மணிக்கட்டில் பட்டை.

"என்னக்கா கையில?" என்றான் தம்பி.

"உன் பொண்டாட்டி ஆபீஸ்ல எவனோ ஒரு மகராசன் பஸ் நேரத்த மாத்தினானே, அவன் குடுத்த பரிசு."

தண்ணீர் கொண்டுவந்த கால்குலேட்டர் அப்படியே நின்றாள். "பஸ் லேட்டா வந்தா நல்லதுதானேக்கா? அரை மணி நேரம் கூடத் தூங்கலாமே."

"தூங்கலாம். தூங்கி எழுந்து போனா கோண வண்டிதான் மிச்சம் இருக்கும்."

"என்ன வண்டி?"

"தள்ளற வண்டிம்மா. பெட்டி எல்லாம் எதுல எடுத்துட்டு வர்றோம்னு நினைச்சே, தலையிலயா?"

பிறகு நாத்தனார் சொன்னாள். கிடங்கில் ஐம்பத்திரண்டு தள்ளுவண்டிகள். அதில் நேராக உருளுவது இருபதோ இருபத்தொன்றோ. மற்றதெல்லாம் சக்கரம் தேய்ந்து இடப்பக்கமே இழுக்கும். நாள் முழுக்க வலது கையால் முறுக்கிப் பிடித்துக்கொண்டே தள்ள வேண்டும். முதலில் வந்தவருக்கு நல்ல வண்டி. அதனால்தான் ஆறேகாலுக்கே வந்து, ஆளுக்கொரு வண்டியைப் பிடித்து, அதிலேயே சாய்ந்துகொண்டு ஏழு மணி வரை நிற்பார்கள். பேருந்து நேரம் மாறியதிலிருந்து, சொந்த வாகனத்தில் வருகிறவர்கள் நல்லதையெல்லாம் அள்ளிக்கொள்கிறார்கள். பேருந்தில் வரும் பத்தொன்பது பேருக்கும் கோண வண்டிதான்.

"கருத்துத்தாள்ல பதினேழு பேர் வண்டின்னு எழுதியிருந்தாங்க," என்றாள் கால்குலேட்டர். "நான் பஸ்ஸுன்னு நினைச்சேன். நேரத்த மாத்தச் சொன்னது நான்தான்க்கா."

நாத்தனார் தண்ணீரை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

"அந்தப் பதினேழுல நானும் ஒருத்தி. மூணு வரி எழுதினேன். படிக்கலையா நீ?"

"தலைப்பு போட்டு வந்தது. நாலஞ்சு மட்டும் படிச்சேன்."

"மாடிப்படி எத்தனை இருக்கும்? முப்பது இருக்குமா? இறங்கி வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா என்ன?"

தம்பி பேச்சை மாற்றப் பார்த்தான், நடக்கவில்லை. நாத்தனார் சாப்பிடாமல் கிளம்பிப் போனாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கால்குலேட்டர் கீழே இறங்கினாள். தள மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டு, மிச்சம் கிடந்த வண்டிகளில் ஒன்றை எடுத்து ஒரு மணி நேரம் தள்ளினாள். காலி வண்டியே அலமாரியில் போய் முட்டியது. பாதி நிறைந்தபோது இரண்டு கையும் போதவில்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். "மேடம், அது தானா வீட்டுக்குப் போயிடும், கயிறு போட்டுக் கட்டுங்க," என்றார் ஒருவர். எட்டு மணிக்குத் தோள்பட்டை விண் விண்ணென்று வலித்தது.

மாடிக்குப் போய், இதுவரை தொடாத ஒரு தகவலை எடுத்தாள். பெட்டியை எடுக்கும்போதெல்லாம் கைக்கருவி அதைப் பதிவு செய்யும். பேருந்தில் வருகிறவர்களை ஒரு கூட்டமாக வைத்து, நேரம் மாறுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டாள். எடுத்த பெட்டிகளின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. முதலிலேயே பார்த்திருக்கலாம். அட்டை பதிவான நேரத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தாள்.

மேலாளர் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"மேல சொல்லியாச்சேம்மா. கைதட்டல்கூட வாங்கியாச்சு."

"தெரியும் சார். நான் தப்பா படிச்சேன். அதை நானே வந்து சொல்றேன்."

"இந்த வண்டி விஷயத்த யார் சொன்னா உனக்கு?"

"பதினேழு பேர் எழுதிக் குடுத்தாங்க சார்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. இயக்குநர்கள் முன்னால் அவள் ஐந்து நிமிடம் பேசினாள். ஒருவர், "நாலு சக்கரத்துக்கா இத்தனை ஆராய்ச்சி?" என்றார். பராமரிப்பு மெக்கானிக்கை அழைத்துக் கேட்டார்கள். மூன்று தடவை புதுச் சக்கரம் கேட்டு எழுதிப் போட்டதாக அவர் சொன்னார். 'வண்டிகள் ஐம்பத்திரண்டு, கையிருப்பு போதுமானது' என்று மூன்று தடவையும் பதில் வந்ததாம்.

பேருந்து பழைய நேரத்துக்கு உடனே திரும்பியது. சக்கரங்கள் வந்து மாட்டி முடிக்க ஆறு வாரம் ஆனது. அதன்பிறகு யாரும் சீக்கிரம் வருவதில்லை. பேருந்து ஆட்களே நேரத்தைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டுவாங்கினார்கள். ஆனால் மேலாளரின் மாத அறிக்கையில் 'ஆர்வக் குறியீடு' என்று ஒன்று இருந்தது, நேரத்துக்கு முன்னால் வருகிறவர்களை வைத்துப் போடுவது. அது சரிந்து தரையைத் தொட்டது. எடுப்புப் பிரிவுக்கு ஆர்வம் போய்விட்டதா என்று மேலேயிருந்து கேள்வி வந்தது. மேலாளர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு அந்தக் குறியீட்டையே அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்.

அடுத்த வருடம் அறுநூற்றுப் பதினொரு பதில்களையும் கால்குலேட்டர் தானே உட்கார்ந்து படித்தாள். மூன்று நாள் ஆனது. எடுப்புப் பிரிவின் மதிப்பெண் கொஞ்சம் ஏறியிருந்தது, பிரமாதமாக ஒன்றுமில்லை. இப்போது அவர்களுடைய புகார் குளிர்பதன அறையின் கதவைப் பற்றி.

நாத்தனாரின் மணிக்கட்டு முழுசாகச் சரியாகவில்லை. சரிபார்க்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். உட்கார்ந்தே இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தம்பி வீட்டுக்கு மறுபடி வரத் தொடங்கிவிட்டாள். வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பாள்.

"அந்தக் கதவு விஷயம் என்ன ஆச்சு?"

"நாளைக்குக் கீழ வர்றேன்க்கா. காட்டுங்க."

"ஸ்வெட்டர் எடுத்துட்டு வா. அஞ்சு நிமிஷத்துல வெறச்சுப் போயிடுவே."