இரண்டு கோர், ஒரு சூரியன்

இணைய விளையாட்டுக்குள் நாங்கள் கட்டிய உலகத்தை விட்டுப் போகிறவர்களை நாங்கள் சும்மா அனுப்புவதில்லை. மேற்குக் கோபுரத்தின் உச்சியில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து, அந்த உலகத்துச் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க வேண்டும். அது முழுதாக மறைந்ததும் போகிறவர் வெளியேறிவிட வேண்டும்; திரும்பி வரக் கூடாது. இந்த வழக்கத்தை ஆரம்பித்த மேதை யாரென்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் அன்று மதியம் நன்றாகத் திட்டியிருப்பேன்.

அன்று போக இருந்தவன் எமெட். நியூஃபவுண்ட்லாந்தில் படகு என்ஜின் பழுது பார்க்கிறவன். மூன்று குளிர்காலமாக என்னோடு சேர்ந்து, ஒவ்வொரு கட்டையாக அடுக்கி, அந்த உலகத்தில் ஒரு துறைமுகம் கட்டியவன். நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும் தெரியும். சிரிப்பதற்கு முன்னால் சின்னதாக மூச்சை இழுப்பான், அதுவும் தெரியும். இப்போது லாப்ரடார் சுரங்கத்தில் வேலை கிடைத்திருந்தது. அங்கே விளையாடுகிற அளவுக்கு இணையம் கிடையாது.

"சூவுலயும் ஒரு வேலை இருக்கு" என்று போன வாரம் சொன்னான். சூ என்கிற ஊருக்கு மியூனிசிங்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து காரில் ஒரு மதியத்துக்குள் போய்விடலாம். நான் பெரிய புத்திசாலி மாதிரி, "லாப்ரடார்லதான் சம்பளம் ஜாஸ்தி" என்றேன். அன்று முழுக்க என்னை நானே அறையலாம் போலிருந்தது.

எங்கள் உலகத்தை ஓட்டுகிற விளையாட்டு சர்வர் இருப்பது என் வீட்டில்தான், துணி துவைக்கும் அறையில், சோப்புத் தூள் டப்பாக்களுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர். எமெட்டுக்குப் பரிசாக எங்கள் உலகம் முழுவதையும் ஒரே வரைபடமாக வரைந்து கொடுக்க நினைத்தேன். வரைகிற புரோகிராமைச் சும்மா விட்டால் கம்ப்யூட்டர் மொத்தத்தையும் விழுங்கிவிடும், விளையாட்டு திணறும். அதனால் கம்ப்யூட்டரின் மூளைக்குள் தனித்தனியாக வேலை செய்கிற கோர்களைப் பங்கு பிரித்தேன். திரையில் பூஜ்யம் முதல் ஏழு வரை எட்டு தெரிந்தன. பூஜ்யமும் ஒன்றும் விளையாட்டுக்கு மட்டும்; மீதியெல்லாம் வரைபடத்துக்கு. விளையாட்டுக்குத் தனியாக இரண்டு கோர் தாராளம் என்று கைகளைத் தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

வெளியே ஏரியும் வானமும் ஒரே வெள்ளையாக இருந்தன. பனி விழுந்துகொண்டே இருந்தது. திரைக்குள் மட்டும் கடல் செம்பு நிறமாக மாறியது. கோபுர உச்சியில் எல்லோரும் வந்துவிட்டார்கள், ஆடுகளோடும் வாணவேடிக்கையோடும். எமெட்டின் உருவம் என் உருவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

சூரியன் கொஞ்சம் இறங்கியது. பிறகு யாரோ நூல் கட்டி இழுத்ததுபோல மேலே வந்தது. மறுபடி இறங்கியது, மறுபடி வந்தது.

"ஏண்டி மாரென், உன் சூரியனுக்கு வீட்டுக்குப் போக மனசில்லையா?" என்றாள் டோரீன். டுலூத்தில் பனி வாருகிற லாரி ஓட்டுகிறவள், வாயும் லாரிதான்.

"சும்மா இரு. பாத்துட்டிருக்கேன்."

"நீ பாக்கறத நான் பாத்துட்டுதான் இருக்கேன். சூரியனை இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எமெட் சிரிக்கவில்லை. மேலே ஏவிய வாணம் ஒன்று வெடிக்காமல் அந்தரத்தில் நின்றது. ஒரு ஆடு கோபுரத்திலிருந்து குதித்துப் பாதி வழியில் மிதந்தது. கடலலை கரையைத் தொடுவதற்கு யோசித்தது. அத்தனை அழகு. அந்தச் சிவப்பு வெளிச்சத்துக்குள் நானும் மிதந்துகொண்டிருந்தேன். இது இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தேன்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்தப் பழைய கம்ப்யூட்டரில் நிஜமான கோர் நான்குதான். ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்குக் காட்டும். பூஜ்யமும் ஒன்றும் ஒரே கோர். ஒரு சமையல்காரியை இரண்டு அடுப்பு முன்னால் நிறுத்திவிட்டு, இரண்டு சமையல்காரிகள் என்று நம்பியிருக்கிறேன். சர்வர் மூச்சுத் திணறி உலகத்தின் நேரத்தையே மெதுவாக்கிவிட்டது.

சரி செய்ய ஒரே ஒரு கட்டளை போதும். விரல் நீளவில்லை. சரி செய்தால் சூரியன் விழும். விழுந்தால் அவன் போய்விடுவான்.

அவனுக்கு மட்டும் தெரிகிற மாதிரி எழுதினேன்: "போகாதே." அனுப்பினேன்.

அது போகவில்லை. எங்கள் குரல் வேறு வழியில் போகும். எழுத்து மட்டும் சர்வர் வழியாகத்தான் போக வேண்டும். திணறிக்கொண்டிருந்த சர்வர் என் வார்த்தையை வாங்கி வைத்துக்கொண்டு வாய் திறக்கவில்லை. வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்தான். டோரீன் உட்பட அத்தனை பேர் காதுகளும் அங்கே இருந்தன. எனக்குத் தைரியம் வரவில்லை.

"என்ன மாரென், பேச்சையே காணோம்?" என்றான் எமெட்.

"சர்வர் கொஞ்சம் படுத்துது."

"அவசரமில்ல. எனக்கு நல்லாத்தான் இருக்கு."

இப்படியே வைத்திருந்தால் அவன் என் பக்கத்திலேயே இருப்பான், ஆனால் நான் சொன்னது அவனைச் சேராது. எத்தனை நாளைக்கு ஒரு சூரியனை நூலில் கட்டி வைப்பது? எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. வரைபடத்தைப் பாதியில் நிறுத்தினேன். எட்டையும் விளையாட்டுக்கே கொடுத்தேன்.

வாணம் வெடித்தது. ஆடு தரையில் விழுந்து கத்தியது. பாக்கி வைத்திருந்த நேரத்தையெல்லாம் சேர்த்துக் கொடுப்பதுபோலச் சூரியன் விறுவிறுவென்று இறங்கியது. தேங்கிக் கிடந்த எழுத்துகள் திரையில் வந்து விழுந்தன. கடைசியில் என் "போகாதே" இருந்தது. அதற்கு மேலே, எனக்கு முன்னாலேயே எமெட் எனக்கு அனுப்பிச் சிக்கிக் கிடந்த ஒரு வரி:

"சூரியன் விழறதுக்குள்ள போகாதன்னு ஒரு தடவ சொல்லேன்."

கடல் கறுத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வழக்கப்படி அவன் பெயர் பட்டியலிலிருந்து மறைய வேண்டும். நான் மூச்சு விடாமல் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டேய் எமெட், இருட்டியாச்சு. இன்னும் ஏண்டா உக்காந்திருக்க?" என்றாள் டோரீன்.

சின்னதாக மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

"மாரென் போகாதன்னு சொல்லிட்டா" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் லாப்ரடாருக்குப் போகல."