சிவந்துபோன சீனித்தண்ணீர்

நான்காவது முறையாகக் காளிதாசன் சோதனைக் குழாயைக் கொதிநீரிலிருந்து தூக்கிப் பார்த்தார். நீலமாக இருக்க வேண்டியது மறுபடியும் செங்கல் நிறத்தில் இருந்தது.

"சீனி சிவக்கக் கூடாதே," என்று குழாயிடமே முறையிட்டார்.

கரங்கான் ஊரிலுள்ள அந்த இடைநிலைப்பள்ளிக்கு அவர் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பத்து மணிக்குக் கல்வி இலாகா அதிகாரி பின்வரிசையில் உட்கார்ந்து அவர் பாடம் நடத்துவதைப் பார்க்கப் போகிறார். வேலை நிரந்தரமாவது அதைப் பொறுத்தது. பாடம், ஒடுக்கும் சர்க்கரையும் ஒடுக்காத சர்க்கரையும். பெனடிக்ட் கரைசலோடு சூடாக்கினால் குளுக்கோஸ் சிவக்க வேண்டும். சாதாரணச் சீனி நீலமாகவே நிற்க வேண்டும். மணி ஒன்பது. இரண்டும் அண்ணன் தம்பி போல் சிவந்து நிற்கின்றன.

குழாய்களைக் குற்றம் சொல்லித் தேய்த்துக் கழுவினார். அப்புறம் பெனடிக்டைத் திட்டினார். கடைசியில் அதை வெறும் தண்ணீரில் ஊற்றிச் சூடாக்கினார். நீலம். அப்படியானால் குழாயும் சரி, பெனடிக்டும் சரி. மிச்சம் சீனித்தண்ணீர்தான். ஆய்வகச் சீனியில் எறும்பு மொய்த்துவிட்டதால் காலையில் கேண்டீனில் வாங்கி வந்தது.

கேண்டீன்காரர் ஷாஹீதா வாணலியில் மீ நூடுல்ஸைப் பிரட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, சீனி கேட்டேனே, என்ன குடுத்தீங்க?"

"சீனித்தண்ணிதான் சார். தே ஓ ஐஸுக்கு, அதான் ஐஸ் போட்ட தேத்தண்ணிக்கு ஊத்துறது. தண்ணில கரைக்கத்தான்னு சொன்னீங்க, உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்னு குடுத்தேன்."

"அதுல வேற என்ன போட்டீங்க?"

"என்னத்தப் போடுறது? சீனி, தண்ணி. ரெண்டு எலுமிச்சங்கா புழிஞ்சு அரை மணி நேரம் கொதிக்க விடுவேன்."

"எலுமிச்சங்கா எதுக்குக்கா?"

"இல்லாட்டி போத்தல்ல சீனி கல்லு கட்டிக்கும்லா. கெமிஸ்ட்ரி சாருக்கு இதுகூடத் தெரியாதா?"

தெரியும். அதுதான் எரிச்சலைக் கிளப்பியது. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கைகோத்து நிற்பதுதான் சீனி. கோத்த கைகளால் பெனடிக்டில் உள்ள செம்பைத் தொட முடியாது. அதனால் நிறம் மாறாது. புளிப்போடு கொதித்தால் பிடி விட்டுப்போகும். பிரிந்த இரண்டுமே ஒடுக்கும் சர்க்கரைகள். போன வாரம் அவரே வெண்பலகையில் எழுதிப்போட்ட பாடம்.

"பிரிக்காத சீனி பாக்கெட் ஒண்ணு குடுங்கக்கா."

"அத மொதல்லயே கேக்குறதுக்கு என்ன சார்?"

ஒன்பதே முக்காலுக்கு, பாக்கெட் சீனியைப் பச்சைத்தண்ணீரில் கரைத்து, பெனடிக்ட் ஊற்றி, ஐந்து நிமிடம் கொதிநீரில் வைத்தார்: நீலம். அதே சீனிக்கரைசலில் இன்னொரு பங்கை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு கொதிக்கவிட்டு, அமிலத்தைச் சோடா உப்பால் முறித்து, பிறகு பெனடிக்ட் ஊற்றிச் சூடாக்கினார்: செங்கல் சிவப்பு. கேண்டீன் சீனித்தண்ணீர் ஏன் சிவந்தது என்பதையும் பாடத்தில் சேர்த்துக்கொள்ள, இரண்டு குழாய்களையும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினார்.