அண்ணன் பெயரில் ஓர் இரங்கல்

நாளிதழ் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், மரண அறிவிப்பு வாங்கும் ஜன்னல் என்னுடையது. இருபத்தாறு வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். அழுதுகொண்டு வருகிறவர்களிடம் போட்டோவை வாங்கி, வயதைச் சரிபார்த்து, "பாசமிகு" என்று நாலு இடத்தில் இருந்தால் மூன்றை வெட்டிவிடுவேன். மேல்மாடிக்காரர்கள் எனக்குக் கல்நெஞ்சக்காரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் நாட்டில் ராஜாவோ ராணியோ செத்தால் பதின்மூன்று நாள் வேறு யாரும் சாகக் கூடாது. சாகலாம், பேப்பரில் வரக் கூடாது. அந்த நாட்களில் அவர்களுக்கான இரங்கலை மட்டுமே என் ஜன்னலில் வாங்குவோம். அரண்மனைக்குள் இன்னும் கெடுபிடி. வேலைக்காரர்கள் உள்ளேயே தங்க வேண்டும், போனை வாசலில் கொடுத்துவிட வேண்டும், வேறு சாவுச் செய்தி எதுவும் உள்ளே போகக் கூடாது. பழைய ராணி போனபோது, மனைவியின் போட்டோவோடு வந்த ஒரு மனுஷரை நானே திருப்பி அனுப்பினேன். வழக்கம் வழக்கம்தானே என்று அவருக்குப் புத்தி வேறு சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

என் அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். கையில் ஸ்பேனர், வாயில் வாதம், அதனால் டிப்போவில் அவருக்கு வக்கீல் என்று பட்டப்பெயர். ராஜா என்ற பேச்செடுத்தால் போதும், டீ ஆறிப்போகும்.

"டிரைவரோட மகன்னு சொல்லி ஒருத்தன்கிட்ட பஸ் சாவியக் குடுப்பியா? லைசென்ஸ் கேப்பல்ல? பஸ்ஸுக்கே கேக்கற, நாட்டுக்குக் கேக்க மாட்டேங்கறியே" என்பார்.

ஓட்டு வாங்கி வந்தவர்கள் மட்டும் லைசென்ஸைக் காட்டிவிட்டா ஓட்டுகிறார்கள் என்று நான் கேட்பேன். ராஜா பாட்டுக்கு ஒரு மூலையில் இருக்கிறார், வருஷத்துக்கு நாலு தடவை கையசைக்கிறார், இருந்துவிட்டுப் போகட்டுமே என்பேன். எனக்கு அதில் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. அண்ணனைச் சீண்டுவதில் ஒரு சுகம், அவ்வளவுதான்.

விளையாட்டாக இருந்தது வினையானது அவர் மகளால். அண்ணி சீக்கிரமே போய்விட, தலைவாரிப் பின்னல் போடுவதுவரை தானே கற்றுக்கொண்டு வளர்த்த ஒரே பெண். அவள் படித்து முடித்து அரண்மனை நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் இனி தன் வாசற்படி மிதிக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னார். சொன்னால் சொன்னதுதான். நாலு வருஷம் அப்படியே ஓடிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால், ரேடியோவைத் திருகிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், அவள் நன்றாக இருக்கிறாளா என்று மட்டும் கேட்பார்.

ராஜா செத்த செய்தி விடியற்காலை ரேடியோவில் வந்தது. மதியம் டிப்போவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்த அண்ணன் வெளியே வரவில்லை என்று காலைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். மாரடைப்பு.

நேரே அரண்மனை வாசலுக்கு ஓடினேன். அண்ணன் மகளுக்கு ஒரு கடிதம் என்றேன். சாவுச் செய்தியா என்று காவலாளி மரியாதையாகத்தான் கேட்டார். மக்கு மாதிரி ஆமாம் என்றேன். கடிதம் திரும்பி என் கைக்கே வந்தது. உடம்பு முடியாதவர்களைத் தவிர யாரையும் வெளியே விட மாட்டோம் என்றும் சொன்னார். ஆஸ்பத்திரியிலோ மூன்று நாளுக்கு மேல் உடலை வைத்திருக்க முடியாது என்றார்கள். மூன்று நாளுக்குள் அவள் வந்து அப்பன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் என் ஜன்னலில் உட்கார்ந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. பேப்பரில் வரும் இரங்கல்களை ஒன்றுவிடாமல் படித்துக் கத்தரித்து வைப்பது அரண்மனை நூலகத்தின் வேலை. "மாமன்னரின் மறைவுக்குக் கண்ணீர் அஞ்சலி" என்று எழுதி, கீழே அண்ணன் பெயரையும் டிப்போவையும் தெருவையும் போட்டேன். அப்பா உயிரோடு இருந்தால் இப்படி ஒன்றை அச்சில் வர விடுவாரா என்று அவளுக்குப் பகீரென்று ஆகும், காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஓடி வருவாள் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் நாலாம் பக்கத்தில் வந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தேன். செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். அவள் வரவில்லை. மூன்றாம் நாள் டிப்போக்காரர்கள் ஒன்பது பேரோடு அடக்கம் செய்தோம். அதில் ஒருவர், பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தவர், வக்கீல் எப்போது கட்சி மாறினார் என்று என்னிடம் தயங்கிக் கேட்டார். நான் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டேன்.

பதினான்காம் நாள் காலை. அண்ணன் வீட்டில் அவருடைய துணிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய மரண அறிவிப்பு அன்றைய பேப்பரில்தான் வந்திருந்தது. அண்ணன் மகள் அதைப் பார்க்கவில்லை. அரண்மனை வாசல் திறந்ததும் நேரே கடைத்தெருவுக்குப் போய் அப்பாவுக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். படியேறும்போதே சிரிப்பு.

"அப்பா டிப்போ போயிட்டாரா அத்தை? பேப்பர்ல பாத்ததும் எனக்கு அழுகையே வந்துருச்சு. ராஜாவுக்கா எழுதினாரு, எனக்குத்தானே எழுதியிருக்காரு. அன்னிக்கே காய்ச்சல்னு சொல்லிட்டு வந்துரலாம்னு பாத்தேன். அப்புறம், அப்பா எங்க போயிடப் போறாரு, வேலைய முடிச்சுட்டு நாலு நாள் சேந்தாப்ல தங்கலாம்னு இருந்துட்டேன்."

அவளைக் கட்டிலில் உட்கார வைத்துச் சொன்னேன். எத்தனையோ பேர் வீட்டுச் சாவை வரி மாறாமல் எழுதியவள், அண்ணன் சாவைச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் திணறினேன். எந்த நாள் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். கையிலிருந்த சட்டையை விரிப்பதும் மடிப்பதுமாக வெகுநேரம் இருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்ப அந்த இரங்கல்? அது அப்பா எழுதினதுதானே?"

பெற்ற மகளைப் பார்க்காமல் நாலு வருஷம் கிடந்து கட்டிக் காத்த வார்த்தை அவருடையது. வேறு சொத்து அவருக்குக் கிடையாது. உண்மையைச் சொன்னால் அது அவரிடமே இருக்கும், இவளுக்கு ஒன்றும் இருக்காது.

"ஆமா கண்ணு. காலையில ரேடியோ கேட்டுட்டு, வேலைக்குப் போற வழியில எங்கிட்ட எழுதிக் குடுத்துட்டுப் போனாரு."

அவள் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். வாய்விட்டே அழுதேன்.

"கடைசியில அப்பா மாறிட்டாரு இல்ல அத்தை?"

"மாறிட்டாரும்மா" என்றேன்.