நூற்றுக்கு ஒரு அரிசி

எங்கள் ஊரில் கண் என்றால் இத்வாரினின் கண் என்பார்கள். அந்த இத்வாரின் நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ரேஷன் சொசைட்டி அரிசியை முறத்தில் பரப்பியபோது, நூற்றுக்கு ஒன்று வேறு மாதிரி இருப்பதை முதலில் பார்த்தவள் நான். லேசான மஞ்சள், எல்லாம் ஒரே அளவு, கழுவினால் மிதந்தது. பிளாஸ்டிக் என்று சொல்லிவிட்டேன். சிலர் நம்பவில்லை. சோற்றை உருட்டித் தரையில் அடித்தேன், உருண்டை துள்ளியது. எந்தச் சோற்றை இறுக்கி உருட்டினாலும் துள்ளும் என்று யோசிக்க என் வாய் எனக்கு நேரம் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஊரில் பொறுக்காமல் யாரும் உலை வைப்பதில்லை. பொறுக்கியது கோழிக்குப் போகும். கோழி மட்டும் பிளாஸ்டிக் தின்னலாமா என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

என் மருமகள் சைத்திக்கு வயிற்றில் நாலு மாதம் ஆனபோது, நாங்கள் தீதி என்று கூப்பிடும் நர்ஸ் அவள் விரலில் குத்திப் பார்த்தாள். தீதி முகம் போன போக்கே எனக்குப் பிடிக்கவில்லை.

"ரத்தம் ஏழுதான் இருக்கும்மா. சிக்கிள் செல் ரத்த நோய் இல்ல, அதுவும் பாத்தாச்சு. வெறும் சத்துக் குறைவு. இப்படியே பிரசவத்துக்குப் போனா இவ தாங்கமாட்டா."

சைத்தியின் அக்கா அப்படித்தான் போனாள், பிள்ளை பெற்ற அன்றே. எங்கள் வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. தீதி கொடுத்த மாத்திரை உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது.

அடுத்த வாரம் தீதி வீட்டுக்கு வந்தபோது நான் கோழிகளுக்குப் பொறுக்கியதை இறைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இது அரிசி மாவுதாம்மா. இரும்புச்சத்தும் விட்டமினும் கலந்து மறுபடி அரிசி மாதிரியே அச்சுல எடுக்கிறது. உன் மருமகளுக்கு வரவேண்டியத உன் சேவல் தின்னுட்டு நிக்குது."

"போடி, பெரிசா சொல்ல வந்துட்ட" என்றேன்.

அவள் வாதாடவில்லை. நாலு அரிசியை அடுப்புத் தணலில் போட்டாள். உருகவில்லை, சொட்டவில்லை. கருகியது. அடிப்பிடித்த சோற்று வாசனை வந்தது. நாற்பது வருடமாக அடுப்பில் நிற்பவளுக்கு அந்த வாசனை தெரியாதா? இரண்டு வருடம், ஒரு ஊர் முழுக்க, என் பேச்சால்.

அன்றைக்கே சைத்தியிடம் சொன்னேன். "நான் சொன்னது தப்புடி. அது அரிசிதான். இனிமே பொறுக்காத."

அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தீதி மிரட்டினாளா அத்தை? ரேஷன் கார்டை வெட்டிடுவேன்னாளா?"

"யாரும் மிரட்டல. தணல்ல போட்டுப் பாத்தேன்."

"உருண்டை குதிச்சத நான் என் கண்ணால பாத்தேன். எங்க அக்கா ஊர்ல யாரும் பொறுக்க மாட்டாங்க. பொறுக்காமத்தான் தின்னா. போயிட்டா." முறத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "என் பிள்ளைக்கு அப்படி ஆகவிடமாட்டேன் அத்தை. நீங்கதானே கத்துக்குடுத்தீங்க."

நான் கட்டிய கூண்டில் அவள் உட்கார்ந்துகொண்டு, சாவியும் தன்னிடம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பொறுக்கியதை அவள் பார்க்காதபோது மறுபடி கலந்து வைத்தேன். மறுநாளே கண்டுபிடித்துவிட்டாள். "என்ன அத்தை, உங்க கண்ணும் மங்குதா? பதினாறு விட்டிருக்கீங்க" என்று சிரித்தபடி ஒவ்வொன்றாய் எடுத்துக் கோழிக்குப் போட்டாள். அந்தச் சேவலை அன்றைக்கே குழம்பு வைத்திருப்பேன்.

பிறகுதான் புத்தி வந்தது. மாவில் எந்தக் கண்ணாலும் பொறுக்க முடியாது. அரிசி மூட்டையில் பாதியைப் பொறுக்காமல் அப்படியே மில்லில் கொடுத்து அரைத்தேன். மசக்கை வாய்க்கு மருமகள் ரொட்டி கேட்கிறாள் என்று மில்காரனிடம் ஒரு பொய். பொறுக்கித்தான் அரைத்தேன் என்று அவளிடம் இன்னொரு பொய். தினமும் காலையில் இலையில் பொதிந்து தணலில் சுட்ட தடித்த ரொட்டி, கூடவே செங்கீரை. அவள் நன்றாகத் தின்றாள். அவள் தின்னத் தின்ன நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், பிடிபட்டால் என்ன செய்வாள் என்று.

எட்டாம் மாதம், இலுப்பை மரத்தடியில் தீதி ஊசி போடும் நாள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். தீதி விரலில் குத்திப் பார்த்தாள், மறுபடியும் குத்திப் பார்த்தாள்.

"பத்து" என்றாள். "இனிமே பயமில்ல."

நான் அழுதுவிட்டேன். வெட்கப்படவில்லை, உட்கார்ந்து அழுதேன்.

சைத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். "மாத்திரை ஒண்ணுகூடத் தங்கல. எங்க அத்தை கத்துக்குடுத்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் விடாம பொறுக்கினேன். அதான் ரத்தம் ஏறிடுச்சு."

தீதி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன். "பொய். அவ தின்ன ரொட்டி எல்லாம் பொறுக்காத அரிசி. நான்தான் அரைச்சுச் சுட்டுக் குடுத்தேன். அது பிளாஸ்டிக் இல்ல. நான் சொன்னதுதான் தப்பு."

சைத்தி கலகலவென்று சிரித்தாள். "தீதிக்காகச் சொல்றாங்க. பாவம், அவளுக்கும் மேல இருக்கறவங்களுக்குப் பதில் சொல்லணும்ல." மற்றவர்களும் சிரித்தார்கள்.

காங்கேர் ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி தன் மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். மகளுக்கு வயிற்றில் மூன்று மாதம், உதடெல்லாம் வெளுத்திருந்தது. தாயின் இடுப்பில் அரிசியோடு ஒரு முறம்.

"இவளுக்கும் நீதான் பாத்துக் குடுக்கணும் இத்வாரின். உன் கண்ணு மாதிரி வராது."

"எனக்குக் கண்ணு போயிடுச்சு" என்றேன். ஊரில் எனக்கு இருந்த ஒரே பெருமையை அப்படித்தான் கீழே போட்டேன்.

"அதுக்கென்ன அத்தை, நான் இருக்கேன்ல" என்றாள் சைத்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள், முறத்தை மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். பொறுக்கிய முதல் அரிசி மண்ணில் விழுந்ததும் கோழிகள் ஓடி வந்தன.